முதல் மதகும் கடைசி மதகும்

தடுப்பணை கட்டியவர்களுக்கு மீன்கள் மீது எந்த விரோதமும் கிடையாது. முட்டையிட ஆற்றின் மேல்பக்கம் போகிற ஜீவன்களுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டோமே என்று மனசு கேட்காமல், ஓரமாகத் தொட்டி தொட்டியாகப் படி வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ‘மீன் ஏணி’ என்று பெயர்ப்பலகையும் மாட்டினார்கள். மீன்கள் அதைப் படித்தனவா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி வேலைக்கு வந்தவர்தான் மீன் சார்.

ஏணியின் உச்சிப்படியை ஒட்டி, தரைக்குக் கீழே அவர் அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அந்தப்பக்கம் தண்ணீர். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஏறிப்போகிற ஒவ்வொரு மீனுக்கும் கையிலுள்ள கருவியை ஒரு தட்டு தட்ட வேண்டும். பதினோரு வருடமாகத் தட்டுகிறார். இன்னும் தற்காலிகம்தான்.

“அதுங்க போய்க்கிட்டே இருக்குதுங்க. நீங்கதான் அங்கேயே உட்கார்ந்திருக்கீங்க” என்பாள் மனைவி.

இந்த வருடம் எண்ணிக்கை மூன்று மடங்கானது. பொறியாளரே படியிறங்கி வந்து, இப்படியே போனால் சீசன் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள்தான் மீன் சார் அதைக் கவனித்தார்: முதுகுத் துடுப்பில் அரைவட்டமாகக் கடிபட்ட ஒரு மீன், வயிறு நிறைய முட்டையோடு. காலையில் ஏறியது. மத்தியானம் மறுபடி கீழேயிருந்து வந்தது. அடுத்த நாளும் வந்தது, வாய் கிழிந்து.

மேலே ஓடிப்போய்ப் பார்த்தார். ஏணி முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே முதல் மதகு திறந்திருந்தது. ஏறிய களைப்பில் ஒதுங்கும் மீனைத் தண்ணீர் வாரியெடுத்துக் கீழே வீசியது. விழுந்த மீன் சுவரில் இரண்டு முறை முட்டிவிட்டு, ஏணியைத் தேடிப்பிடித்து முதல் படியிலிருந்து ஆரம்பித்தது.

மதகுகளை இயக்குபவர், மீன் சாருடைய மனைவியின் தம்பி.

“ஏன் மாப்ள, கடைசி மதகத் திறக்க வேண்டியதுதானே?”

“அது அந்தக் கோடியில இருக்கு மாமா. சைக்கிள் பஞ்சர்.”

“எத்தனை நாளா?”

“சீசன் பூராவும்தான். உங்களுக்கு நல்லதுதானே? ஒரே மீனு, மூணு தட்டு. வேலை நிரந்தரமானா என்னாலதான்னு அக்காகிட்ட மறக்காம சொல்லுங்க.”

மீன் சார் பொறியாளரிடம் போனார்.

“விழுந்தத எழுதப் படிவத்துல இடம் இருக்கா?” என்றார் பொறியாளர்.

“இல்ல சார்.”

“ஏறினத எழுத?”

“இருக்கு சார்.”

“அப்ப ஏறினத எழுதுங்க. நல்ல நேரம் வரும்போது ஏன் வம்ப வாங்கிக்கிறீங்க?”

அன்று மாலை மீன் சார் முதல் மதகை மூடிவிட்டு, அணையின் அந்தக் கோடிவரை நடந்து, கடைசி மதகின் சக்கரத்தைக் கை கன்றச் சுழற்றித் திறந்தார். அன்றிலிருந்து தினமும் அவரே நடந்தார். மைத்துனர் தடுக்கவில்லை. தன்னை நடக்கச் சொல்லாதவரை அவருக்கு யாரோடும் தகராறு கிடையாது.

கடிபட்ட மீன் மறுநாள் காலை ஏறியது. அப்புறம் வரவில்லை. மற்றவையும் ஒரு தட்டோடு போய்ச் சேர்ந்தன. எண்ணிக்கை பழையபடி இறங்கியது. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘போனவை திரும்பவில்லை’ என்று பதில் எழுதினார். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல, தற்காலிகம் மேலும் ஓராண்டு நீடிக்கும் என்று உத்தரவு வந்தது.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

“வாயக் கிழிச்சுக்கிட்டு வந்துச்சே, அது?”

“வரல.”

“வராது” என்று சொல்லிவிட்டு உத்தரவை மடித்து அலமாரியில் வைத்தாள். “என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். நாளையிலருந்து அவன் நடக்கட்டும்.”