சீசன் நேரத்துக் கூட்டத்தொடர்

எம்.பி. வேலையில் எந்தக் கஷ்டத்தையும் தாங்கிக்கொள்ளலாம். மழைக்காலக் கூட்டத்தொடரைக் குற்றாலச் சீசனில் வைப்பதைத்தான் தாங்க முடியாது. வெளியூரில் வேலை பார்த்து, சாரல் நேரத்தில் லீவு கிடைக்காமல் தவித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

டிரங்கால்

எழுபதுகளின் கடைசியில் முதல்முறை ஜெயித்து டில்லி போனேன். ஆடி மாதம். குவார்ட்டர்ஸில் மின்விசிறி அனலைத்தான் கிளப்பிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மேலகரத்து வீட்டுக்கு டிரங்கால் போட்டு, தொகுதி நிலவரம் கேட்டேன். என் மனைவி கோமதி அதைக் காதில் வாங்கவேயில்லை.

"மெயினருவியில தண்ணி நல்லா விழுது. உங்க கூட்டாளி சுடலைமுத்து அண்ணாச்சி தெனம் குளிச்சிட்டு வந்து உங்களைத்தான் கேக்காவ. நீங்க அங்கன எதுக்குக் கை தூக்கிட்டு இருக்கிய?"

டில்லி மழை

ஒருநாள் வாக்கெடுப்பு சமயத்தில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டினேன். வெந்நீர். தஞ்சாவூர்க்காரரான எங்கள் கட்சிக் கொறடா பின்னாலேயே வந்துவிட்டார்.

"மழையை ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம். வந்து பட்டனை அமுக்குங்க."

மந்திரிக் குளியல்

எண்பதுகளின் தொடக்கத்தில் துணை அமைச்சர் ஆனேன். சீசனில் தென்காசியில் ஒரு விழா. முடிந்ததும் அருவிக்குப் போனேன். எனக்கு முன்னே போன போலீஸார், குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய அருவியில் நான் ஒருவன். இத்தனை நாள் நான் ஏங்கிக் கிடந்த தண்ணீர் தலையில் விழுந்தும் குளித்த மாதிரியே இல்லை.

போலீஸார் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் உடம்பெல்லாம் எண்ணெயோடு சுடலைமுத்து நின்றான். "வாலே" என்று கூப்பிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை 'ஏலே' என்றே கூப்பிட்டவன், கைகூப்பினான்.

"வேண்டாம் ஐயா. நீங்க குளிச்சு முடிங்க. நாங்க பொறவு குளிச்சுக்கிடுதோம்."

தோற்ற பிறகு

அடுத்த தேர்தலில் தோற்றேன். கார் போனது, போலீஸ் போனது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுடலைமுத்துவின் அந்த 'ஐயா'தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனியில் சாரல் தொடங்கியதும் கோமதியே துண்டை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

அருவியில் நல்ல கூட்டம். யாரும் வழிவிடவில்லை. முண்டியடித்து நுழைந்து, கண்ணை மூடி நின்றுவிட்டேன். எண்ணெய்க் கை ஒன்று என் தோளைப் பிடித்துத் தள்ளியது. திரும்பினால் சுடலைமுத்து.

"ஏலே, எம்புட்டு நேரம்லே நிப்ப? தள்ளு, மத்தவனும் குளிக்கணும்லா?"

பதவியில் இருந்தபோது வாங்கிய மனுக்களில் எத்தனையை நிறைவேற்றினேனோ தெரியாது, இந்த ஒன்றை மட்டும் நின்ற இடத்திலேயே நிறைவேற்றினேன்.