சந்தனம் வைத்த மாவுக்கட்டு

தென்காசியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். மலையடிவாரத்தில் வயல் வைத்திருக்கும் சிலர் துப்பாக்கி உரிமத்தை நகல் எடுக்க அங்கே வருவார்கள். காட்டுப்பன்றியை விரட்ட வாங்கிய துப்பாக்கி. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அப்போது கூட்டம் இருக்கும். உரிமத்தின் மேலே ‘ஆர்ம்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நான் பத்தாவது வரை படித்தவள். ஆர்ம் என்றால் கை என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். துப்பாக்கித் தாளில் கைக்கு என்ன வேலை என்று பல வருஷம் மனசுக்குள் யோசித்திருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை. எதையும் கேட்காமலே பழகிவிட்டேன்.

இந்த வருஷம் குற்றாலச் சாரல் முடிகிற சமயத்தில் என் வலது கை ஒடிந்தது. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து ஐந்தருவிக்குத் தனியாகப் போயிருந்தேன். சேர்ந்து வருகிற பெண்கள் மாற்றுத் துணியை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். எனக்குக் கொடுக்க ஆள் கிடையாது. பக்கத்தில் நிற்பவளிடம் “கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க” என்று சொல்ல வாய் வராது. பையை இடது கையில் தூக்கிப் பிடித்தபடியே தண்ணீரில் நின்றேன். திரும்பும்போது பாசி வழுக்கியது. அப்போதும் பையை நனையவிடவில்லை. விழுந்தது வலது கையின் மேல்.

எக்ஸ்ரே எடுத்த உறையில் ‘ரைட் ஃபோர்ஆர்ம்’ என்று எழுதியிருந்தார்கள். மாவுக்கட்டோடு நான் கடைக்குப் போன அன்று, எங்கள் கடையில் டைப் அடிக்கும் பெண் உறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வாய் மட்டும் அதிகம்.

“யக்கா, இங்கனயும் ஆர்ம், துப்பாக்கிக்கும் ஆர்ம். ஒங்க கைக்கும் லைசென்சு எடுக்கணும் போல.”

“ரெண்டும் ஒண்ணாட்டி?” என்று கேட்டேன். பல வருஷத்துக் கேள்வி அப்படி வெளியே வந்துவிட்டது.

அவள் போனில் தேடி வாசித்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பார்க்க ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சொற்கள். கையைக் குறிப்பது ஆங்கிலத்தின் சொந்தப் பழைய சொல். ஆயுதத்தைக் குறிப்பது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ராணுவத்தை ஆர்மி என்பதும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் இன்னும் பின்னால் போனால், இரண்டுமே பொருத்துவது, இணைப்பது என்ற ஒரே வேரில் போய் முடியும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்களாம். கை தோளில் பொருந்தியிருக்கிறது. ஆயுதத்தையும் அந்தக் காலத்தில் உடம்போடு பொருத்திக்கொண்டிருப்பார்கள்.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் பொருந்துவதைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். எலும்பு தானாகப் பொருந்திக்கொள்ளும், நாம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று. ஆனால் தனியாக இருக்கிறவள் தொந்தரவு செய்யாமல் எப்படி இருப்பது? சடை பின்ன முடியவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட அரை மணி நேரம் ஆகும். தேங்காய் உடைப்பதை விட்டேன். ரசம் மட்டும் வைத்தேன். சுவரின் அந்தப் பக்கம் குடியிருக்கும் பெண் குழந்தையை அதட்டுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். கூப்பிட்டால் வந்திருப்பாள்தான்.

விஷயம் ஆலங்குளத்தில் இருக்கும் அண்ணனுக்குத் தெரிந்தது. அங்கே அவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். போனில் சொன்னான்: “ஆயுத பூசைக்கு பட்டறை லீவு. சாயங்காலம் கடைக்கு வாரேன். துணிமணிய எடுத்து வையி. இனும அங்கன தனியா கெடக்க வேண்டாம். வீட்டக் காலி பண்ணிரலாம்.”

மதினி தங்கமானவள். எனக்குத் தட்டில் போட்டுக் கையில் கொடுப்பாள். ஆனால் அந்த வீட்டில் எனக்கு இடம் டிவிக்கு முன்னால் விரிக்கும் பாய்தான். எல்லோரும் படுக்கப் போன பிறகுதான் நான் படுக்க முடியும், எல்லோரும் எழும்புவதற்கு முன்னால் பாயைச் சுருட்டிவிட வேண்டும். அம்மா இறந்த பிறகு சில மாதம் அப்படி இருந்து பார்த்திருக்கிறேன். இந்த ஒற்றை அறையை விட்டால் இன்னொன்று தேடிப் பிடிக்க எனக்குத் தைரியம் வராது. இதையெல்லாம் போனில் சொல்ல நினைத்தேன். “சரிண்ணே” என்றுதான் வந்தது.

பூசையன்று துணிகளைச் சுருட்டிப் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மடிக்க ஒரு கை போதாது. கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. முதலாளி அண்ணாச்சி பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தார். டைப் அடிக்கிற பெண் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். ஜெராக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு என் மாவுக்கட்டின் மேலும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள்.

“இதுவும் நம்ம கடை ஆயுதம்தான அண்ணாச்சி?”

“பின்ன? அந்தக் கை இல்லாம கடை நொண்டியடிக்குல்லா,” என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டே என் கட்டுக்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். கூச்சத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்தபோது சுண்டல் கொடுத்து முடித்திருந்தோம். உட்காரக்கூட இல்லை. “பைய எடுட்டி, பஸ்ஸு போயிரும்.”

பையை எடுத்தேன். இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்பதுபோல அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அண்ணாச்சி அவனுக்குப் பொரிப் பொட்டலம் கட்டினார். நான் வாசற்படி வரை போய்விட்டேன். அங்கே நின்று, “எண்ணே, இந்தக் கைய பூசையில வச்சாச்சு,” என்றேன்.

“என்னது?”

“சந்தனம் வச்சு சூடம் காட்டியாச்சு. பூசையில வச்சத அன்னைக்கே எடுத்துட்டுப் போகலாமா?”

அவன் கட்டைப் பார்த்தான். யாராவது சிரிக்கிறார்களா என்று கடைக்குள்ளும் பார்த்தான். இந்த விஷயத்தில் அண்ணன் கெடுபிடி. அவசரமென்று ஒருவர் டிராக்டர் கொக்கியைக் கொண்டுவந்து நின்றபோதுகூட, பூசையில் இருக்கிற சாமானைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பியவன்.

“வெளையாடுதியாட்டி?”

“மெய்தான் தம்பி,” என்றார் அண்ணாச்சி. “நாளைக்குக் காலைல மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். இங்கன உள்ள எதுவும் இன்னைக்கு ஊர் தாண்டாது.”

“நாளைக்கு எனக்குப் பட்டறை தெறக்கணுமே அண்ணாச்சி. இதவிட்டா தீவாளிக்குத்தான் வர முடியும்.”

“தீவாளிக்குள்ள கட்டுப் பிரிச்சிருவாவ,” என்றேன். “அதுக்குப் பெறவு எதுக்குண்ணே நான் அங்க வரணும்?”

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. முகம் சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது. “ஒங்க மதினி பாய்கூட வாங்கி வச்சிருக்காட்டி,” என்றான். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

நானும் பையோடு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் குழந்தையின் புத்தகங்களைப் பூசைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பத்தி வாசனை வந்தது. ஆலங்குளம் போய் இறங்கியதும் அண்ணன் போன் போட்டான்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“கொக்கி, கிக்கியெல்லாம் மாட்ட முடியுதா ஒனக்குன்னு மதினி கேக்கா.”

“முடியுதுண்ணே.”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, மதினி யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். “சரி, கதவச் சாத்திக்கோ,” என்று வைத்துவிட்டான்.

கதவைச் சாத்தினேன். பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுருட்டியது சுருட்டியபடியே அலமாரியில் வைத்தேன். ரசத்துக்குப் புளி ஊறப்போட்டேன்.