மலர் அக்கா கேட்டு வாங்கிய தண்ணீர்

வவுனியாவில் மகளின் கிளினிக் முடிந்து வரும்போது, புளியங்குளத்தடியில் பஸ்ஸுக்குள் போன் அடித்தது. "மலர் அக்கா போயிட்டா," என்றார் பக்கத்து வீட்டுக்காரி. மடியில் நித்திரையாயிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுகைக்கு முன்னமே பயம் வந்துவிட்டது. இனி எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குத் தண்ணீர் கேட்க யார் இருக்கிறார்கள்?

அக்கா பிரதேச சபையில் எங்கள் வட்டார உறுப்பினர். கோடையில் கிணறு வற்றினால் சபையின் பவுசர் லொறி கொண்டுவருவதுதான் எங்களுக்குத் தண்ணீர். அது காலையில் வருமா, பின்னேரம் வருமா என்று ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்துக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போகிற பெண்கள் கூலியை விட்டுவிட்டு வாளியோடு நிற்பார்கள். இதை அக்கா கூட்டத்தில் எழுப்பிய அன்று நானும் பின்னால் பார்வையாளர் வாங்கில் இருந்தேன்.

"தண்ணி சும்மாதானே குடுக்கிறம், அக்கா," என்றார் சபைத் தவிசாளர்.

"சும்மாவோ? பவுசரைப் பாத்து நிண்டு ஒரு நாள் கூலி போகுது. கடையிலை போத்தில் தண்ணி வாங்கினாலும் இதைவிட மலிவு."

"இனி அக்கா பவுசரைக் குசினிக்குள்ளை விடச் சொல்லுவா," என்று ஓர் உறுப்பினர் நக்கலடித்தார்.

"விடுங்கோவன். பவுசர் உங்கடை வீட்டு மதிலடியிலை நிக்கிறதிலும் அது நல்லம்."

சபையே சிரித்தது. கொஞ்ச நாளில் ஒழுங்கை முகப்புக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி வந்தது. பவுசர் எப்போது வந்தாலும் அதை நிரப்பிவிட்டுப் போகும். நாங்கள் வேலை முடிந்து வந்து பிடிப்போம்.

அக்கா நோயில் விழுந்த பிறகு அதை நிரப்பச் சொல்லிச் சபையில் கேட்க ஆளில்லை. இந்தக் கோடை முழுக்கத் தாங்கி காய்ந்தே கிடக்கிறது.

செத்தவீட்டன்று மரியாதைக்கென்று சபை ஒரு முழுப் பவுசரை அனுப்பியது. அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் அதையே பார்த்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. அக்காவின் கணவர்தான் வெளியே வந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? அவா இருந்தா உங்களைப் பேசுவா. ஓடிப்போய் வாளியளைக் கொண்டு வாங்கோ."

அழுதுகொண்டே பிடித்தோம்.

செத்தவீட்டால் வந்தால் தலைமுழுகித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். அன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் முழுகவில்லை. நான் காலை மட்டும் நனைத்துவிட்டு, மிச்சத்தை மூடிவைத்து மகளுக்குச் சோறு காய்ச்சினேன். அது குற்றமோ என்று இன்னும் மனம் கிடந்து அடிக்கிறது.

அக்காவின் இந்த நினைவு மலரை வாசிக்கிற, அவரோடு பழகிய உங்களுக்குத் தெரிந்திருக்கும், கூட்டத்தில் எழும்பும்போது அவருக்குக் கை நடுங்கும். முன் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்த நடுக்கத்தைத்தான். அடுத்த கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்கச் சபைக்குப் போவேன். இதை உங்கள் எல்லாருக்கும் எழுதிவிட்டேன், இனிப் போகாமல் இருக்க ஏலாது.