எழில் நிறுத்திய மருந்து

பத்தாவதோடு போதும் என்ற அப்பாவின் பிடிவாதம், செங்கல்பட்டுக் கல்லூரியில் இரண்டு முறை தவறிப்போன இயற்பியல் தாள், மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு வேதியியல் என்று கேட்ட சொந்தங்கள்: இத்தனையையும் வென்றுதான் என் தங்கை எழில் சிறுசேரியில் மருந்து வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நெம்மேலிக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். படகு எங்களுக்குச் சாமி. அதில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. சர்க்கரை நோயால் மரத்துப்போன அப்பாவின் காலில் தூண்டில் முள் ஏறியது அவருக்கே தெரியவில்லை. புண் அழுகி இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆறியதும் அப்பா மறுபடி வெறுங்காலோடு கடலுக்குப் போனார்.

மிகுதியான சர்க்கரையை வேறு பொருளாக மாற்றி நரம்புக்குள் தேங்கவைத்துக் காலை மரத்துப்போகச் செய்யும் நொதி ஒன்று உண்டு. அதில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளை எழில் கணினியில் வரைந்து பார்த்தாள். மூன்று ஆண்டுகளில் ஒன்று நன்றாகப் பொருந்தியது. அப்பா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஆய்வகச் சோதனையில் அது, சிறுநீரகத்தில் நச்சை முறிக்கும் இன்னொரு நொதியையும் பிடித்துக்கொண்டது. இரண்டு நொதிகளும் அமைப்பில் அக்கா தங்கை மாதிரியாம். மேற்கொண்டு போகலாமா, நிறுத்தலாமா என்று வடிவமைத்தவளே எழுதித் தரட்டும் என்றார் மேலாளர் ராகவன். நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழில் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாம்மா, மாத்திர ரெடியா? சிங்காரம் பொண்ணு மாத்திர எப்ப வரும்னு ஊரே கேட்டுகினு கீது," என்றார் அப்பா.

"அது வோணாம்பா. கால காப்பாத்திட்டு கிட்னிய எடுத்துடும்."

"போனா போவுது. எனுக்கு வயசாச்சு. கொஞ்சூண்டு குடுத்துதான் பாரேன்."

"உனுக்கு மட்டுமா குடுக்கப் போறாங்க? ஊர்ல எத்தினி பேரு சாப்புடுவாங்க!"

அப்பா அந்தக் காலைத் தூக்கிப் பாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அதுவரிக்கும் நான் இன்னா பண்றது?"

"செருப்பு போடு."

"படகுலயா?"

"படகுலதான்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கிளம்பும்போது சொன்னார்.

"வேற ஒண்ணு செய். சீக்கிரமா செய்."

அதுவரை எழில் செய்த வேலைக்கெல்லாம் ராகவன்தான் கையெழுத்திடுவார். மறுநாள், இந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று காரணங்களோடு எழுதிய அறிக்கையின் அடியில் என் தங்கை முதன்முறையாகத் தன் பெயரில் கையெழுத்திட்டாள்: சி. எழில், 12 ஆகஸ்ட் 2024.