குன்னூர்க் குளிரில் சாகாத கார்டு

நீங்கள் பொய் சொன்னீர்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன். நல்ல நிலையில் இருந்த என் கிராபிக்ஸ் கார்டைக் கையில் தூக்கிப் பிடித்து, குளிரில் செத்துப்போய்விட்டது என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "ஊட்டுல இருக்கற பொம்பளைக்கு எதுக்குங்க தனிக் கார்டு, போர்டுல இருக்கறதே ஜாஸ்தி" என்று ஒரு வார்த்தை சேர்த்தீர்கள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்கே போதவில்லை. பலர் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள், செடி இடுப்புக்கு மேலே வளர்ந்து காடாகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரி முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள் ஓடியது, பிறகு கேட்டில் பூட்டு தொங்கியது. அவர் டிரையர் ஆபரேட்டர். அரைபட்டு நிறம் மாறி வரும் இலையைச் சூடான காற்றில் காயவைத்துத் தூளாக்கும் மெஷின் அது. பதினாலு வருஷம் அதன் முன்னால் நின்றவர், பூட்டு விழுந்த பிறகு வீட்டில் எந்த மூலையில் நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான் கீழே கோயமுத்தூர்க்காரி. சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி மேலே வந்த பிறகு மேஸ்திரிமார்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இலை விலை விழுந்ததும் யாரும் வீடு கட்டவில்லை. கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. அப்போதுதான் திருப்பூரில் இருந்த என் அண்ணன், தான் வேலை செய்யும் சாயப்பட்டறையில் இவருக்கு பாய்லர் வேலை பேசி வைத்தான். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்து நிற்க வேண்டும். மலையிலிருந்து அப்போது எத்தனையோ குடும்பங்கள் அப்படி இறங்கிக்கொண்டிருந்தன.

இவர் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் போகாது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லவும் ஆரம்பித்தார். கோழிக்கூண்டு பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அந்த அக்கா தினமும் பால் வாங்கப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, "ஏங்கண்ணு, எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்கும். நாங்கள் போவதில் அதற்கு உண்மையாகவே வருத்தம். கூண்டின் மேல் உண்மையாகவே ஆசை.

எனக்கு இறங்கிப் போக இஷ்டமில்லை. காரணத்தை அழகாகச் சொல்ல எனக்கு வராது. அந்த மனிதர் சாயத் தண்ணீருக்கு நடுவில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னோடு படித்த ஒருத்தி கோயமுத்தூரில் ஒரு எஞ்சினியரிடம் வேலை பார்த்தாள். அவள் மூலமாக அந்த எஞ்சினியர் ஒரு வீட்டு பிளானைக் கொடுத்தார். கட்டுவதற்கு முன்பே வீட்டை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டும் 3டி படம் அவருக்கு வேண்டும். பதினைந்து நாளில் செய்து சி.டி.யில் கொண்டுவர வேண்டும். பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை தருவார், மலையில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இவரிடம் சொன்னேன். "பாரு அம்மிணி" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை ஒரு சொட்டு இல்லை.

என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் உங்கள் கடையில் வாங்கிய பழைய பெட்டிதான். அதில் படம் காட்டுவதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. மதர்போர்டிலேயே இருக்கிற சின்ன கிராபிக்ஸ், அதுவும் கம்ப்யூட்டரின் மெமரியில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். கோடு போட்டு பிளான் வரைய அது போதும். வீட்டை நிமிர்த்தி நிறுத்தித் திருப்பினால் தீர்ந்தது. முன்சுவர் முதலில் திரும்பும், ஜன்னல்கள் பின்னாலேயே வரும், கூரை எங்காவது டீ குடித்துவிட்டு வந்து சேரும். நான்கு நாள் இப்படியே போராடினேன். ஐந்தாம் நாள் தனிக் கார்டு ஒன்றை உங்களிடமே வாங்கினேன்.

உங்கள் 'மலை ஃபிட்டிங்' பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் பின்பக்கத்து ஓட்டைகள், பக்கவாட்டு ஓட்டைகள் எல்லாவற்றையும் பழுப்பு டேப் போட்டு அடைத்துத் தருவீர்கள். பனி உள்ளே போகாதாம். யாரும் சந்தேகப்படவில்லை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வந்து கட்டிலில் உட்காருகிற ஊர் எங்களுடையது. தீப்பெட்டி நமுத்துப் போகும், பீரோவில் வைத்த செருப்பு பூஞ்சை பிடிக்கும். இங்கே ரேடியோவுக்குக்கூடத் துண்டு போர்த்துவார்கள். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. பச்சைக் கம்பளி நூலில் அந்தப் பெட்டிக்கு ஒரு உறை பின்னி, மாட்டி, அழகு பார்த்தவள் நான்தான்.

கார்டை நானே மாட்டினேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தேன், இவர் டார்ச் பிடித்தார். உள்ளங்கை அளவு பச்சைத் தகடு, அதன் மேல் குழந்தை விளையாட்டுச் சாமான் போல ஒரு ஃபேன்.

"இத்தினியூண்டு ஃபேனு யாருக்கு அம்மிணி காத்து வீசும்?" என்றார்.

"கார்டுக்குத்தானுங்க. அதுக்கு வேர்க்குமாமுங்க."

"குன்னூர்ல வேர்க்கற மொத ஆளு இதுதான்" என்றார். ஃபேக்டரி பூட்டிய பிறகு அவர் செய்த முதல் கேலி அது.

தகட்டை மூடி, கம்பளி உறையை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. மானிட்டர் வயரைப் பழைய இடத்திலேயே செருகியிருந்தேன். கார்டின் முதுகில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது. வீட்டைத் திறந்து மவுசை இழுத்தேன். அந்த வீடு திரும்பியது! சுவரும் ஜன்னலும் கூரையும் ஒன்றாக, சுழற்றிய தட்டில் வைத்த லட்டு போலச் சுற்றின. நான் கத்திவிட்டேன். இவர் இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். பிறகு பின்பக்கம் காட்டச் சொன்னார். பிறகு மேலே இருந்து.

பத்து நிமிஷம். அதற்குள் திரை முழுவதும் கலர் கலராகப் புள்ளி தெறித்து எல்லாம் உறைந்து நின்றது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், மறுபடி பத்து நிமிஷம். மூன்றாம் தடவை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

அடுத்த நாள் தூறலில் பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி இவர் தலையில் வைத்துத் தூக்கி வந்தார், உங்கள் கடைக்கு. நீங்கள் கரண்ட் கொடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கார்டைப் பிடுங்கி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குளிரில் செத்துப்போன கதையைச் சொன்னீர்கள், சிரித்தீர்கள். "கார்டை இங்கயே உட்டுட்டுப் போங்க, ஸ்பேருக்காவது ஆகும்" என்றீர்கள். நான் விட்டுவிட்டு வரவில்லை. புத்திசாலித்தனத்தால் அல்ல, கோபத்தால். செத்ததோ பிழைத்ததோ, என் சாமான் எனக்கு வேண்டும் என்று உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நீங்கள் போனால் போகிறதென்று, உரிந்திருந்த இடத்தில் புது டேப் ஒட்டிக் கொடுத்தீர்கள்.

எஞ்சினியர் சொன்ன கெடுவுக்கு அப்போது ஒன்பது நாள் பாக்கி. வீட்டுக்கு வந்ததும் கார்டைத் திரும்பவும் மாட்டி ஓடவிட்டேன். பிடிவாதம்தான், வேறென்ன. இவர் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துக் கம்பளி உறைக்குள் கையை விட்டார். புறங்கையைப் பெட்டியின் பின்பக்கம் வைத்தார், எடுத்தார், பக்கவாட்டில் வைத்தார். டிரையர் முன்னால் அவர் அப்படி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், சாப்பாடு கொண்டுபோன நாட்களில்.

"ஏம்புள்ள, இதுக்கு வெளிய போற வழி எங்க?"

"எதுக்குங்க?"

"சூட்டுக்கு."

நான் விழித்தேன். குன்னூரில், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சூட்டைப் பற்றிக் கேட்கிறார். அவர் நிதானமாகச் சொன்னார். டிரையரில் உள்ளே போகிற சூட்டை எல்லோரும் பார்ப்பார்களாம். வெளியே வருகிற சூட்டைப் பார்ப்பதுதான் ஆபரேட்டர் வேலையாம். வெளியே போகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற இலை காயாது, அவிந்து போகும். தூள் கெட்டபிறகு மெஷினைத் திட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்டார். இவ்வளவு நீளமாக அவர் பேசி ஆறு மாசம் ஆகியிருக்கும்.

"உன்ற பொட்டி குளுர்ல சாகல அம்மிணி. உள்ளயே வெந்துட்டுக் கெடக்குது."

உறையைக் கழற்றினார். காய் நறுக்கும் கத்தியை எடுத்து டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் பின்பக்கத்து ஓட்டையில் புறங்கையை வைத்துக் காத்திருந்தார். வெதுவெதுப்பான காற்று வந்தது. என் கையையும் இழுத்து அங்கே வைத்தார். அந்தக் குளிரில் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பத்து நிமிஷம் போனது. அரை மணி போனது. நான் மவுசை விடவில்லை. வீடு சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது இவர் எழுந்து போய், காலையில் பிசைந்து வைத்துவிட்டுப் போன சோற்றை முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. படத்தில் வீடு சுற்றுவதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்து, வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போகச் சொன்னது. கூட்டிப்போனேன். ஹால், சமையலறை, மாடி, எல்லாம் காட்டினேன். கடைசியில் அது தீர்ப்பு சொன்னது: "ஊடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. வெறகு எங்க அடுக்கறது? ஈரத்துணி எங்க ஒணத்தறது? கட்டறவனுக்குப் புத்தி இல்லையாட்ட இருக்குது." கீழ்நாட்டு வீட்டுக்கு விறகு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அது திருப்தியாகட்டும் என்று பின்பக்கம் ஒரு சின்னக் கூரை இறக்கி, அதன் கீழே கொடி கட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதை அழிக்க மறந்துவிட்டு, சி.டி.யை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டேன். எஞ்சினியர் சி.டி.யைப் போட்டு, தானே மவுசைப் பிடித்து வீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா இதைத்தான் ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். திரும்பி வரும்போது என் பையில் இன்னும் மூன்று பிளான்கள் இருந்தன.

இவர் டெலிபோன் பூத்துக்குப் போய் அண்ணனிடம் வரவில்லை என்று சொன்னார். ஒரே நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டு, திரும்பி வரும்போது வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அக்காவிடம் கூண்டு இனி கிடைக்காது என்று சொல்ல எனக்குத்தான் கூச்சம். அது இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "போனா போச்சு, கோழியாவது ஒண்ணு குடு" என்றது. கொடுத்தேன். அதன் முதல் முட்டை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

சில மாசம் கழித்து ஊட்டி காந்தலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கார்டும் குளிரில் செத்துப்போனதாம். சொன்னது நீங்கள். ஸ்பேருக்கு ஆகும் என்று சொன்னதால் உங்களிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கோத்தகிரியில் டைப்பிங் சென்டர் நடத்தும் அம்மாவுக்கும் அதே பதில், அவரும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் உங்கள் கடைக்கு வந்து பார்த்தேன். அடுக்கி வைத்த பெட்டி ஒன்றிலும் டேப் இல்லை. எங்கள் வீட்டுச் செய்தி உங்கள் கடைவரைக்கும் வந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளரிடம், பின்பக்கம் காற்று போகவேண்டும், அடைத்தால் உள்ளே வெந்துவிடும் என்று உங்கள் அனுபவம் போலச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினீர்கள்.

தெரிந்த பிறகும் அந்த இரண்டு பேரையும் நீங்கள் கூப்பிடவில்லை. என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம், டீ போட்டுத் தரமாட்டேன். வியாபாரிகள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள். செத்துவிட்டது என்று சொல்லி நீங்கள் வாங்கி வைத்துக்கொண்ட கார்டுகள் எத்தனை? இன்று அவை யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கின்றன?