ரெண்டு மாடி வரைக்கும்தான்!

போன மாதம் இதே பக்கத்தில் அகிம்சைப் போராட்டத்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன்... நினைவிருக்கிறதா? உங்களுக்கு மறந்திருக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்விக்கு மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மென்ட் ஐந்து மாடி. நான் ஐந்தாவதில். இரண்டு வாரத்துக்கு முன் லிஃப்ட் பக்கத்தில் ஒரு போர்டு முளைத்தது — 'வீட்டு வேலை செய்பவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. இப்படிக்கு, அசோசியேஷன்.' நாய்க்குட்டிகளுக்குத் தடை எதுவும் இல்லை.

செல்விக்கு ஐம்பது வயது. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு, அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். முழங்கால் இரண்டிலும் வலி. போர்டு வந்த முதல் நாள் ஐந்து மாடி ஏறி வந்தவர், சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. காபி கொடுத்தேன் — எப்பேர்ப்பட்ட தியாகம்!

"சார், அடிக்காம திட்டாம ஜெயிக்கலாம்னு பேப்பர்ல எழுதிக்கீறியே, படிச்சேன். எங்களுக்கும் அத்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. பன்னெண்டு பேரு கீறோம். போர்டு பக்கத்துலயே ஒட்டிடறோம்."

எழுத்தாளனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பானா? நாலு பக்கம் எழுதினேன். மனசாட்சி, மானுடம், சத்தியத்தின் வலிமை... ஓரிடத்தில் எனக்கே கண் கலங்கியது.

செல்வி பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் கீது சார். ஆனா இத்த நின்னு எவன் படிப்பான்? லிஃப்ட் வர்றதுக்குள்ள படிச்சு முடிக்கணும்ல?"

முப்பது வருடத்தில் இப்படியொரு எடிட்டர் எனக்கு வாய்த்ததில்லை. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் அவரே எழுதினார்:

'நீங்க சொன்னபடி லிஃப்ட்ல ஏற மாட்டோம். படியிலதான் வருவோம். முட்டி எது வரைக்கும் ஏறுதோ அது வரைக்கும் வேலை செய்வோம். ரெண்டு மாடிதான் ஏறுது. போர்டை எடுத்தா அஞ்சு மாடியும் வருவோம்.'

கவனியுங்கள். யாரையும் திட்டவில்லை. விதியை மீறவில்லை — அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்! எதிராளி மரியாதையாக இறங்கி வர வழியும் விட்டிருக்கிறார்கள். நாலு பக்கம் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதைப் போர்டு பக்கத்தில் ஒட்டிய மறுநாளிலிருந்து இரண்டாவது மாடி வரை எல்லா வீடும் பளபள. அதற்கு மேலே... கேட்காதீர்கள். நாலாவது மாடி செக்ரட்டரி வந்து கதவைத் தட்டினார். முழங்கை வரை சோப்பு நுரை.

"இது பச்சை வன்முறை சார்! நீங்க ரைட்டர்தானே? காரசாரமா ஒரு பதில் எழுதுங்க!"

எழுதவில்லை. கொள்கை எல்லாம் இல்லை. என் கையில் அடிப்பிடித்த குக்கர் இருந்தது.

நேற்று கீழே செல்வியைப் பார்த்தேன். உரிமையோடு கேட்டேன். "நான் உங்க பக்கம்தானே செல்வி? என் வீட்டுக்கு மட்டுமாவது வரக் கூடாதா?"

"போர்டு வைக்கலாமான்னு மீட்டிங்ல கேட்டாங்களே, அப்ப நீ இன்னா சார் பண்ண?"

போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். எதற்கென்று கேட்காமல் நானும் தூக்கினேன். அது இவருக்கு எப்படித் தெரியும்?

"டீ கொண்டாந்து குடுத்தது நான்தானே சார். பார்த்துக்கினுதான் இருந்தேன்."

திட்டியிருந்தால்கூட பதில் சொல்லியிருப்பேன். அவர் திட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது.

இன்று மாலை மறுபடி மீட்டிங். போர்டை எடுக்கலாமா என்று நானே கேட்கப் போகிறேன். முதல் கையும் என்னுடையதுதான் — பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை போய்விட்டது, எவ்வளவு உயரம் தூக்க முடியும் என்றுதான் தெரியவில்லை!