பக்கம் புரட்டிய கை

என் மேசையில் ஒரு துப்பறியும் நாவல் கிடக்கிறது. அச்சகத்திலிருந்து வந்தபோது அதன் அட்டையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. இப்போது விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டுவார்களே, அந்த பிளாஸ்டர்தான். பிய்த்தால் காகிதமும் கிழிந்து வரும், அதனால் விட்டுவைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை.

தி.நகரில் நாலைந்து பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. புத்தகம் வெளிவந்ததும் முதல் பிரதிகளில் ஒன்று எனக்கு வந்துவிடும். திருத்தும்போது எழுத்து மட்டுமே கண்ணில் படும், கதை படாது. அச்சாகி வந்த பிறகு மசி வாசனையோடு புதிதாகப் படிப்பதில்தான் எனக்கு உயிர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தப் படிப்பு அடையாறில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் மாடிக்கு மாறியது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குப் படுத்தால், இயந்திரம் நான்கு மணி நேரம் ரத்தத்தைக் கழுவி அனுப்பும். இடது கையில் இரண்டு ஊசிகள். அசைத்தால் இயந்திரம் கத்தும். வலது கை ஒன்றை வைத்துக்கொண்டு விறைப்பான புதுப் புத்தகத்தைப் பிடிக்கலாம், பக்கம் புரட்ட முடியாது. முதல் வாரம் புத்தகத்தை ஆறு தடவை கீழே போட்டேன். ஏழாவது தடவை அது விழும் முன்பு பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒரு கை நீண்டு பிடித்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் என்னை நைனா என்றார். அவருக்கு வலது கையில் ஊசி, இடது கை சும்மா இருந்தது. "இன்னா நைனா, தனியா சிரிச்சிக்கினு கீற? எனக்கும் சொல்லு, நானும் சிரிக்கிறேன்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாது. "இஸ்கோல் வாசல்ல மீன் வித்ததோட சரி" என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து நான் வலது கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பேன். பக்கம் முடிந்ததும் "ம்" என்பேன். அக்காவின் இடது கை வந்து புரட்டும்.

பழைய கதை அவருக்கு ஆகாது. "பழசுன்னா ஊருக்கே முடிவு தெரிஞ்சிருக்கும். புதுசா வந்தத படி" என்பார். நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த இரண்டு வருடங்களில் வெளிவந்த எல்லா ரகத்தையும் படித்தோம். சரித்திர நாவலில் மூன்று அத்தியாயத்துக்குப் போர் நடந்தது. "இத்தினி பேர் சண்ட போட்டாங்களே, சோறு ஆக்கினது யாரு? அத்த எழுதலியா அந்தாளு?" என்று கேட்டார். பேய் நாவலுக்கு அறையே அதிரச் சிரித்தார். "செத்தும் அதே வூட்லயா குந்திகினு கீது? வேற எடமே கெடைக்கலியா அதுக்கு?" காதல் நாவலில் இருவரும் கடைசிவரை மனதைத் திறக்காமல் இழுத்தடித்தார்கள். "மொதல்லியே பேசித் தொலைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா நமக்கு நாலு நாள் ஓடியிருக்காது" என்றார். விஞ்ஞான நாவல் ஒன்றில் செவ்வாய்க் கிரகத்திலிருந்து திரும்பியவன் தரையில் கால் வைத்ததும் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறான். குடித்த நீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்று அளந்து அளந்து தொண்டையை நனைக்கிற நாங்கள் அந்த இடத்தை மூன்று தடவை படித்தோம். நான்காவது படுக்கைக்காரரும் தலையைத் தூக்கிக் கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை அந்த நான்காவது படுக்கை காலியாக இருந்தது. சிஸ்டர் விரிப்பை மாற்றி, பெயர்ச்சீட்டைக் கழற்றினார். அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தது ஒரு குடும்ப நாவல். அதில் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்து சாகும் அத்தியாயம் வந்தது. அதை அக்காவுக்குப் படித்துக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. தாய்க்கு உடம்பு தேறி மகன் வீட்டுக்குப் போனாள் என்று சொந்தமாக நாலு வார்த்தை சொல்லி "ம்" என்றேன். பிழை திருத்துகிறவன் என்ற திமிர்தான். சாவையும் அடித்து எழுதிவிடலாம் என்று நினைத்துவிட்டேன். அக்காவின் கை வரவில்லை.

"பக்கம் முழுக்க எறும்பு மொய்ச்சாப்புல எழுத்து கீது. நீ நாலு வார்த்த சொல்லிட்டு ம்முன்ற. அந்தம்மா செத்துட்டாளா?"

நான் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

"நாப்பது வருசம் மீன் வித்தவ நானு. செத்தத உசுரோட கீதுன்னு சொல்லி ஒரு நாளும் வித்ததில்ல. என்கிட்டயே நீ வியாபாரம் பண்றியா? உள்ளத உள்ளபடி படி. இல்லாங்காட்டி பொஸ்தகத்த மூடு."

படித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "புள்ள வந்து பாத்தானா?" என்று மட்டும் கேட்டார். வந்தான் என்றேன். எழுதியிருந்ததும் அதுதான். இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன் என்று அன்று வாக்குக் கொடுத்தேன்.

மறு வருடம் அக்கா குடியிருந்த ஆற்றங்கரை வீடுகளை இடித்து, அவரையும் அவர் மகளையும் ஊருக்கு வெளியே எங்கோ ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஏழு மணிக்கு அடையாறு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்து தவறினால் அன்றைய இயந்திரம் போச்சு. வாரத்துக்கு மூன்று முறை என்பது இரண்டானது, சில வாரம் ஒன்றானது. கால் வீங்கியது, முகம் உப்பியது. "தண்ணிய அதிகமா குடிச்சீங்களா?" என்று சிஸ்டர் அதட்டுவார். "தண்ணி இன்னாத்த குடிச்சேன், பஸ்ஸு வல்ல" என்பார் அக்கா. மகள் சிறுநீரகம் தர முன்வந்தபோது, கல்யாணம் ஆகவேண்டிய பெண் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இந்தத் துப்பறியும் நாவல் வெளிவந்தது. பணக்காரக் கிழவர் ஒருவர் கொலையாகிறார். சந்தேகம் ஐந்து பேர் மேல். மூன்றாம் அத்தியாயத்திலேயே அக்கா, "அந்த வக்கீல்தான். துக்கத்துக்கு வந்தவன் செருப்ப பத்திரமா ஓரமா வுடறான் பாரு" என்றார். திருத்தும்போது கதை கண்ணில் படாதுதான், ஆனால் கொலைகாரன் யார் என்பது மட்டும் மனதில் தங்கியிருந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல், பொறுங்க அக்கா என்றேன். அவர் வராத நாட்களில் படிக்கவில்லை. அதனால் பத்து நாளில் முடிய வேண்டிய புத்தகம் இரண்டு மாதம் இழுத்தது.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் நேரம் முடிந்தது. அக்கா தன் கையில் ஒட்டிய பிளாஸ்டர் மிச்சத்தைக் கிழித்து அங்கே ஒட்டினார். "திங்கக்கெழம வந்து கேக்கறேன். எனக்கு முன்னாடி படிச்சிடாத." மறுநாள் வேறொரு ஆஸ்பத்திரியில் நான் சேர வேண்டும், என் சொந்த அக்கா எனக்குச் சிறுநீரகம் தருவதாக இருந்தது. வாரக்கணக்காகத் தெரிந்த விஷயம். இரண்டு பேருந்து மாறி வருகிறவரிடம், எனக்குக் கிடைத்துவிட்டது, நான் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "சரிக்கா, திங்கட்கிழமை" என்றேன். வாக்குக் கொடுத்த வாய்தான் அதையும் சொன்னது.

கிருமி பயத்தால் நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். பிறகு முகக்கவசத்தோடு, இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடையாறு போனேன். அக்காவின் படுக்கையில் வேறொருவர். "அவங்க இல்ல சார்" என்று சொல்லி, சிஸ்டர் மகளின் எண்ணைக் கொடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன்.

"அந்தத் திங்கக்கெழம அம்மா விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போனாங்க சார். ஒங்க பெட்ல வேற ஆளப் பாத்ததும் நீங்க செத்துட்டீங்கன்னு அழுதுட்டாங்களாம். அப்பால சிஸ்டர் சொல்லித்தான் தெரிஞ்சிது. நல்லா இருக்கட்டும்னாங்க. அத்த என்கிட்ட சொல்றதுக்கு இன்னா பயம் அந்தாளுக்குன்னு கேட்டுக்கினே இருந்தாங்க." அதன்பின் மூன்று தடவைதான் போனாராம். நான்காவது தடவை பேருந்திலேயே மயக்கம், அதோடு முடிந்தது.

கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "வக்கீல்தான், வக்கீல்தான்னு சொல்வாங்க சார். நெசமா?"

"ஆமாம்மா. வக்கீல்தான்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

இப்போது எனக்கு இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கிறேன். மந்தைவெளி வீட்டுக்கு மாதம் இரண்டு மூன்று புது நாவல்கள் வருகின்றன. பேய், காதல், சரித்திரம் எல்லாவற்றையும் படிக்கிறேன், சில சமயம் சிரிக்கவும் செய்கிறேன். இந்த ஒன்றை மட்டும் பிளாஸ்டரைத் தாண்டிப் புரட்டவில்லை. வருகிறேன் என்று சொன்ன திங்கட்கிழமை அக்கா வந்தார். படிக்கிறேன் என்று சொன்ன நான்தான் இல்லை.